மில்லிங் எந்திரத்தை சி.என்.சி. ஆக்குதல்: மோட்டார் தேர்வு

கையால் இயக்கும் மில்லிங் எந்திரத்தை சி.என்.சி. எந்திரமாக மாற்றும்போது, கைச்சக்கரங்களைச் சுழற்றும் வேலையை மோட்டார்கள் ஏற்கின்றன. இதற்கு ஸ்டெப்பர், சர்வோ என இருவகை மோட்டார்கள் பயன்படுகின்றன.

ஸ்டெப்பர்: விலை குறைவு. பொதுவாக ஒரு சுற்றுக்கு 200 படிகள். சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூவில் ஒரு படி 0.025 மி.மீ. ஆகும். விவரத்தாளில் முதலில் காணப்படும் முறுக்குவிசை, மோட்டார் நிற்கும்போது உள்ளது. வேகம் கூடக்கூட அது குறையும். சுமை மிஞ்சினால் படிகள் தவறும். என்கோடர் இல்லாவிட்டால் கட்டுப்பாட்டுக் கருவி அதை அறியாது. எஞ்சிய வெட்டு முழுவதும் இடம் மாறி, பொருள் வீணாகும்.

சர்வோ: என்கோடர் வழியாக இருப்பிடத்தை அறிந்து பிழையைத் திருத்தும். குறிப்பிட்ட வேகம்வரை முறுக்குவிசை குறையாது. விலை அதிகம்.

கணக்கிடும் முறை

முறுக்குவிசை = விசை × ஒரு சுற்றின் நகர்வு ÷ (2π × பயனுறுதிறன்)

விசை 1000 நியூட்டன், நகர்வு 0.005 மீட்டர், பயனுறுதிறன் 0.9 எனில் விடை ஏறத்தாழ 0.9 நியூட்டன் மீட்டர். உராய்வுக்கும் முடுக்கத்துக்கும் சேர்த்து இதன் இருமடங்கு கொள்வது நல்லது. நிமிடத்திற்கு 3000 மி.மீ. வேகம் வேண்டுமெனில், அந்த முறுக்குவிசை 600 சுற்று வேகத்திலும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செங்குத்து அச்சில் பால் ஸ்க்ரூ இருந்தால், மின்சாரம் நின்றதும் சுமை தானே கீழிறங்கக்கூடும். எனவே அங்கு பிரேக் உள்ள மோட்டாரே பாதுகாப்பானது.