விடுவிப்பும் குறியீடும்: ஐக்கிய அமெரிக்கப் படைகளின் மீள்சேர்க்கை விதி பற்றிய ஒரு நோக்கு

இலக்கியத்தை அதன் சமூகத் தளத்தில் வைத்து ஆராய்வோர், ஒரு மனிதனின் வாழ்வை ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடும் அரச ஆவணங்களையும் அவ்வாறே ஆராய்தல் தகும். ஐக்கிய அமெரிக்கப் படைகளிலிருந்து உளநலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டோர் தமது மீள்சேர்க்கைக் குறியீட்டை எதிர்த்துச் செய்யும் மேன்முறையீடு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

முழுநேரப் படைச்சேவையிலிருந்து வெளியேறுவோர்க்கு டி.டி. 214 என்னும் படிவம் வழங்கப்படுகின்றது. விடுவிப்பின் தன்மை, அதன் காரணம், மீள்சேர்க்கைக் குறியீடு ஆகியன அதில் இடம்பெறும். படைப்பிரிவுகளுக்கிடையே வேறுபாடுகள் உளவெனினும், ஆர்.ஈ.-1 தடையின்மையையும், ஆர்.ஈ.-3 விதிவிலக்குப் பெற்றுச் சேரலாம் என்பதையும், ஆர்.ஈ.-4 பொதுவாகச் சேர இயலாமையையும் குறிக்கும். கட்டாய ஆட்சேர்ப்பு 1973 இல் முடிவுற்றபின், வசதி குறைந்த குடும்பத்து இளைஞர் பலருக்குப் படைச்சேவை தொழிலாகவும் உயர்கல்விக்கான வழியாகவும் அமைந்துள்ளது. ஆகவே இக்குறியீடு வெறும் நிருவாகக் குறிப்பன்று. பிழைப்பு பற்றிய தீர்ப்பாகும்.

குறியீடு தனித்து நிற்பதில்லை. அது விடுவிப்புக் காரணத்திலிருந்து பிறப்பது. எனவே காரணம் எவ்வாறு பெயரிடப்படுகின்றது என்பதே அடிப்படை வினா. 2001 நவம்பர் முதல் 2007 யூன் வரை ஏறத்தாழ 26,000 படையினர் ‘ஆளுமைக் கோளாறு’ என்ற காரணத்தால் விடுவிக்கப்பட்டனர் என்பதை அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு நிறுவனம் 2008 இல் வெளியிட்ட அறிக்கை காட்டிற்று. அவர்களுள் ஏறத்தாழ 2,800 பேர் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களையொட்டிய பணிக்கு அனுப்பப்பட்டவர்கள். ஆளுமைக் கோளாறு சேவைக்கு முன்னரே இருந்ததெனக் கொள்ளப்படுவதால், அதன்பொருட்டு ஊனக் கொடுப்பனவு கிடைப்பதில்லை. போரினால் விளைந்த காயத்துக்கும் இப்பெயரே சூட்டப்படுமாயின், சமூகக் காரணம் தனிமனித இயல்பாக உருமாற்றப்படுகின்றது. வியட்நாம் போராளிகளின் துயரமும் இவ்வாறே நெடுங்காலம் பெயரின்றிக் கிடந்தது. மனவடுவுக்குப் பிந்திய அழுத்தக் கோளாறு என்னும் நோய்ப்பெயரை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இலேயே ஏற்றது.

மேன்முறையீட்டுக்கு இரு வாயில்கள் உள்ளன. விடுவிப்பு மீளாய்வுச் சபைக்கு டி.டி. 293 படிவத்தின் மூலம் 15 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். அது விடுவிப்பின் தன்மையையும் காரணத்தையும் மாற்றலாம். குறியீட்டை மாற்றும் அதிகாரம் எல்லாப் பிரிவுகளின் சபைகளுக்கும் ஒரே அளவினதன்று. இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபையின் அதிகாரமோ விரிந்தது. தவறு தெரியவந்த 3 ஆண்டுகளுக்குள் டி.டி. 149 படிவத்தின் மூலம் அதனை நாடவேண்டும். நீதியின் பொருட்டு அக்கால எல்லை தளர்த்தப்படலாம். பதிவு முறையாகவே எழுதப்பட்டது என்பது சபையின் தொடக்க அனுமானம். அதனை உடைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். மருத்துவப் பதிவுகள், பிற மருத்துவரின் மதிப்பீடு, உடன் பணியாற்றியோரின் வாக்குமூலங்கள் ஆகியன இதற்குத் துணையாவன.

2014 இலும் 2017 இலும் பாதுகாப்புத் திணைக்களம் விடுத்த பணிப்புரைகள், உளநோய் சார்ந்த விண்ணப்பங்களைத் தாராள மனப்பாங்குடன் நோக்குமாறு சபைகளைப் பணித்தன. நோய் இருந்ததென்பதை நிறுவ விண்ணப்பதாரரின் சொந்த வாக்குமூலமே போதுமானதாகலாம் என 2017 இன் பணிப்புரை ஏற்றமை குறிப்பிடத்தக்கது. ஆவணத்தில் எழுதப்பட்டவன் தானே எழுதவும் உரிமை பெற்றான் எனலாம்.

எனினும் இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. விடுவிப்பு அநீதியானதென நிறுவ, சேவையின்போது நோயுற்றிருந்தேன் எனக் காட்டவேண்டும். மீளச் சேர்வதற்கோ, நோயற்றவன் எனக் காட்டவேண்டும். முதல் வாதத்துக்குச் சான்றாகும் அதே மருத்துவப் பதிவு இரண்டாவதற்குத் தடையாகக் கூடும். குறியீடு மாற்றப்பட்டாலும் மருத்துவத் தகுதி புதிதாகவே ஆராயப்படும். ஆதலால் விண்ணப்பம் எழுதுவோர் தம் நோக்கத்தை முதலில் வரையறுத்தல் வேண்டும்: நோய்நிர்ணயமே தவறா, அன்றி நோய் உண்மையாயிருந்து பின் குணமாயிற்றா? இரண்டையும் குழப்பும் விண்ணப்பம் தன்னையே மறுத்துவிடும்.

இம்முரண்பாடு தனிமனிதரின் தருக்கப் பிழையன்று. உழைப்பு தேவைப்படும்போது உடலை ஏற்று, அது சிதையும்போது சிதைவை அவ்வுடலின் பிறவிக் குறையென எழுதும் அமைப்பிலேயே அது வேர்கொண்டுள்ளது. மேன்முறையீடு அவ்வமைப்பை மாற்றாது. ஆயினும், காரணம் யாருடையது என்ற வினாவைப் பதிவேட்டிலேயே எழுப்பிவிடுகின்றது. அதன் முக்கியத்துவம் அதுவே.