சங்கத்துக்குத் திரும்பி வந்தவர்

ஆங் மோ கியோ ஹப்பில் உள்ள ஃபேர்பிரைஸில் அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றும் இளையவர்கள் பலருக்கு, அது தொழிற்சங்கம் பெற்றெடுத்த கடை என்பது தெரியாது. இந்த வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்து, கிளைச் சங்கத்திலும் பொறுப்பு வகித்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லப் புகுந்தால் தொழிற்சங்கத் தலைவர் சி. வி. தேவன் நாயரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

1923ல் மலாக்காவில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே சிங்கப்பூருக்கு வந்து, ரங்கூன் ரோடு பள்ளியிலும் விக்டோரியா பள்ளியிலும் படித்து ஆசிரியரானார். ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஆனார். பிரிட்டிஷ் எதிர்ப்பு லீகில் இருந்ததற்காக 1951ல் பிடித்து உள்ளே வைத்தார்கள். 1954ல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1956ல் இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர் லிம் சின் சியோங்கோடு மறுபடியும் சிறை. 1959 தேர்தலில் கட்சி வென்றதும், இவர்களை விடுவித்தால்தான் பதவியேற்பேன் என்று நின்றார் கட்சித் தலைவர் லீ குவான் இயூ.

ஸ்காட்லாந்தின் கியர் ஹார்டி சிறுவனாகச் சுரங்கத்தில் இறங்கி, சங்கம் கட்டி, 1892ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். சங்கத்திலிருந்து அரசியலுக்கு ஏறிய பலருக்கும் அதுதான் பாதை. நாயரோ போன வழியே திரும்பியும் வந்தார்.

சங்கங்கள் பிளவுபட்ட 1961ல் என்டியுசி என்ற தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை உருவாக்கியவர் அவர். 1964ல் மலேசியத் தேர்தலில் பங்சார் தொகுதியில் நின்று, வி. டேவிட் என்ற இன்னொரு தொழிற்சங்கவாதியைத் தோற்கடித்தார். மலாயா தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் அது. சிங்கப்பூர் பிரிந்த பிறகும் அங்கேயே தங்கி, ஜனநாயகச் செயல் கட்சியைத் தொடங்கினார். 1969ல் சிங்கப்பூருக்கு, சங்க வேலைக்கே திரும்பினார்.

அப்போது சங்கங்கள் தளர்ந்து கிடந்தன. ஆளெடுப்பு, பதவி உயர்வு, ஆட்குறைப்பு பற்றிச் சங்கம் பேரம் பேச முடியாதபடி 1968ல் சட்டம் வந்திருந்தது. பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படவிருந்தன. பேரம் பேச இடமில்லாத சங்கத்தில் ஏன் இருக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். 1969 நவம்பரில் நடந்த என்டியுசி கருத்தரங்கு அதற்கு ஒரு பதில் தேடியது. சம்பளத்தை உயர்த்தினால் மட்டும் போதாது, அது கடைத்தெருவில் கரையாமலும் பார்க்க வேண்டும். அந்த எண்ணத்தில் 1970ல் இன்கம் காப்புறுதியும் கம்ஃபர்ட் டாக்சியும் கூட்டுறவுகளாகப் பிறந்தன. விலைவாசி எகிறிய 1973ல், தோ பாயோவில் ‘வெல்கம்’ கடை திறந்தது. வியாபாரிகள் பதுக்கினாலும் அரிசி நியாய விலைக்குக் கிடைத்தது. அந்த வெல்கம்தான் 1983ல் இன்னொரு சங்கக் கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆனது. ஆங் மோ கியோ நகரைக் கட்டத் தொடங்கியதும் அதே 1973ல்தான். புதுவீட்டுக்குக் குடிவந்த எங்களைப் போன்ற ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கடைகளை நம்பித்தான் மாதத்தை ஓட்டின.

போராடும் சங்கத்தை அரசாங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார் என்ற குறை அவர்மேல் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. வேலைநிறுத்தம் அரிதாகிப்போன நாட்டில் தொழிலாளியின் கோபம் மேலே கேட்பது கடினம். ஆனாலும் எங்கள் வீட்டுச் செலவைக் குறைத்த வேலையை நான் சிறிதாக எண்ண மாட்டேன்.

1981ல் நாட்டின் அதிபரானார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் விட்டுப்போன ஆன்சன் தொகுதியை எதிர்க்கட்சியின் ஜே. பி. ஜெயரத்னம் வென்றார். 1985ல் நாயர் பதவி விலகினார். மதுப்பழக்கமே காரணம் என்றது அரசு. அதை அவர் பின்னாளில் மறுத்தார். 2005ல் கனடாவின் ஹாமில்டனில் காலமானார். அந்தக் கசப்பை வைத்து மட்டுமே அவரை எடைபோடுவது அநீதி.

அவர் காலத்தில் பிறந்த இன்கம் 2022ல் கூட்டுறவு என்ற நிலையை விட்டு நிறுவனமானது. 2024ல் அதன் பெரும்பங்கை ஜெர்மனியின் அலியான்ஸ் வாங்க முன்வந்தபோது மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அக்டோபரில் அரசு அதைத் தடுத்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் அதனால்தான் சொல்கிறேன்: சங்கத்தில் சேருங்கள், பொதுக்கூட்டத்துக்குப் போங்கள், கணக்குக் கேளுங்கள். உறுப்பினர் கேள்வி கேட்கும்வரைதான் கூட்டுறவு உறுப்பினருடையது.