டாக்டர் பட்டம் கிடைச்சாச்சு... பதிவு ஆச்சா?

பையனுக்கு இங்கே மெடிக்கல் சீட் கிடைக்கவில்லை. 'கவலையை விடுங்க சார், வெளிநாட்டில் படிக்க வெச்சுடலாம்' என்று ஏஜென்ட் கலர் கலராக நோட்டீஸ் நீட்டுகிறார். பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: 'படிச்சு முடிச்சா, இங்கே பதிவு பண்ண முடியுமா?'

அதென்ன பதிவு? உங்கள் டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அவர் பெயரோடு ஒரு ரிஜிஸ்டர் நம்பர் இருக்கும். மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கு அதுதான் அடையாளம். அது இல்லாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆபீஸ் லீவுக்கு ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட்கூடத் தர முடியாது. மீறினால், 2019-ம் வருடத்து தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

வெளிநாட்டில் படித்து வருபவர்கள் இந்த நம்பரை வாங்க, 2002-லிருந்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாது. 'பூ, இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஆனால் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கோட்டை விடுவதுதான் வழக்கம். தவறியவர் திரும்பத் திரும்ப எழுதலாம். வருடங்கள்தான் ஓடிவிடும். அந்த இடைவெளியில் 'சும்மா நைட் டியூட்டி பார்த்துட்டுப் போப்பா' என்று கூப்பிடும் நர்ஸிங் ஹோம் பக்கம் பிள்ளையை விடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் டாக்டர் இல்லை.

2021 நவம்பரில் வந்த விதிகள் இன்னும் கடுமை. படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலத்தில். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். அந்த நாட்டிலேயே டாக்டராகத் தொழில் செய்ய லைசென்ஸ் கிடைக்கக்கூடிய பட்டமாகவும் இருக்க வேண்டும். இந்த 54 மாதக் கணக்கு லேசானதல்ல. பிலிப்பைன்ஸில் முதலில் பி.எஸ்., அப்புறம் 4 வருட எம்.டி. என்று படித்தார்கள். பி.எஸ். மருத்துவப் படிப்பில் சேராது, எம்.டி.யோ 48 மாதம்தான். விதி வந்த சமயத்தில் பல குடும்பங்கள் திண்டாடிப் போயின.

அதனால் படிப்பு எத்தனை மாதம், எந்த மொழியில், பயிற்சி எங்கே, லைசென்ஸ் உண்டா என்று எல்லாவற்றையும் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ப்பேச்சு போதாது. வெளிநாடு போகிறவரும் 'நீட்'டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்பவர் ஆபீஸில் காபி கொடுத்தால் குடித்துவிட்டு, நடையைக் கட்டுங்கள்.