கைப்பேசியில் ஒரு கூம்பு

இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் துள்ளுகிறது. ஆனால் கைப்பேசி உலகில் இலவசம் இரு வகைப்படும். ஒரு வகை, காசு வாங்காமல் விளம்பரங்களைக் காட்டியும் நம் விவரங்களைச் சேகரித்தும் பிழைப்பது. மற்றொன்று உண்மையாகவே எதையும் கேட்காதது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சாலைக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி. இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நம்முள் பலர் அதைச் சினிமா பார்க்கும் செயலி என்று மட்டுமே அறிந்திருக்கிறோம். பாடம் படிக்கவும் பாட்டுப் பழகவும் அது எவ்வாறு உதவும் என்பதையே இங்கு எழுத விழைகிறோம்.

இதைத் தோற்றுவித்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர். நம்மைவிடச் சில வயதே மூத்த மாணவர்கள். பிரான்சு நாட்டில், பாரிசு நகரை அடுத்திருந்த 'எக்கோல் சென்ட்ரால்' என்னும் பொறியியல் கல்லூரியில், விடுதிக் கணினிகளுக்கு வலையமைப்பின் வழியாகத் தொலைக்காட்சியை அனுப்பும் திட்டமொன்று 1996ஆம் ஆண்டு தொடங்கிற்று. கணினி விளையாட்டுகளுக்கு வேகமான இணைப்பு வேண்டும் என்பதே மாணவர்களின் உள்நோக்கமாம்! 2001ஆம் ஆண்டு கல்லூரி இசைவு தரவே, அம்மென்பொருளின் மூல நிரல் உலகோர் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இன்று வீடியோலேன் என்ற இலாப நோக்கமற்ற சங்கம் அதைப் பராமரித்து வருகிறது. மாணவர்கள் சேர்த்து வைத்திருந்த சாலைக் கூம்புகளே சின்னமாயின. எங்கிருந்து சேர்த்தார்கள் என்று கேட்காமலிருப்பது நல்லது.

சில படங்கள் ஒரு கைப்பேசியில் ஓடி மற்றொன்றில் ஓடாததேன்? படக்கோப்பு என்பது நம் சாப்பாட்டுக் கேரியரைப் போன்றது. ஓர் அடுக்கில் காட்சி, மற்றொன்றில் ஒலி, சிலவற்றில் வசன வரிகளும் இருக்கும். எம்.பி.4, எம்.கே.வி. என்பவை கேரியரின் வகைகள். இடத்தை அடைக்காதபடி உள்ளே இருப்பவை சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். கட்டிய முறை தெரிந்தால்தானே அவிழ்க்க முடியும்? அம்முறைக்குக் கோடெக் என்று பெயர். கைப்பேசியோடு வரும் இயக்கிக்குச் சில முறைகளே தெரியுமாதலால் சில நேரம் காட்சி ஓடும், ஒலி வராது. வி.எல்.சி. பெரும்பாலான முறைகளைத் தன்னுடனேயே எடுத்து வருகிறது.

ஆண்டு விழாப் பாட்டில் இரண்டாம் குரல் பாடும் தோழியருக்கு இச்செயலியைவிட நல்ல துணை இல்லை என்போம். ஆசிரியை பாடிப் பதிந்து தந்ததை அதில் திறந்து, கடினமான வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால், அவ்வரி மட்டும் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். வேகத்தை முக்கால் பங்காகக் குறைக்கலாம். பழைய டேப் ரிக்கார்டரில் வேகம் குறைந்தால் குரலும் கட்டையாகிவிடும். இதில் சுருதி மாறுவதில்லை. கணக்குப் பாடத்தையும் இப்படி நிதானமாகக் கேட்கலாம். (வேகத்தைக் கூட்டிப் பாடத்தை முடித்துவிடும் சாமர்த்தியசாலிகளும் நம் வகுப்பில் உண்டு.) ஒலி மிக மெல்லியதாக இருந்தால் வழக்கமான அளவைத் தாண்டியும் உயர்த்த இயலும். காதில் கருவி மாட்டியிருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

ஆங்கிலப் படங்களுக்கு வசன வரிகள் பெரும் துணை. வசனக் கோப்புக்கும் படத்துக்கும் ஒரே பெயரிட்டு ஒரே இடத்தில் வைத்தால் அதுவே எடுத்துக்கொள்ளும். எழுத்து முந்திக்கொண்டு பேச்சு பிந்தினால், சரிசெய்யவும் வழியுண்டு. காது மந்தமான தாத்தா பாட்டிக்கும் இது பயன்படும்.

அப்பா, அக்கா, தம்பி எல்லோருக்கும் சேர்த்து ஒரே கைப்பேசி உள்ள வீடுகள் நம்மிடையே எத்தனையோ. மாலைக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் இணையப் பாடம் நின்றுவிடும். பாடத்தை ஒரு முறை கோப்பாக வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு எத்தனை முறை பார்த்தாலும் செலவில்லை. வசதியுள்ள தோழியும் வசதியற்ற தோழியும் ஒரே பாடத்தை ஒரே அளவு திருப்பிப் பார்க்க முடிவது இதனால்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். படம் ஓட்டும் செயலி, சேமித்து வைத்துள்ள கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்பது நியாயம். நம் தொடர்பு எண்களும் இருப்பிடமும் அதற்கு எதற்கு? அவற்றைக் கேட்கும் இயக்கியை உடனே நீக்கிவிடுங்கள். வி.எல்.சி. அவற்றைக் கேட்பதில்லை. ஆண்டிராய்டு கைப்பேசியில் நிறுவும்போது வெளியிட்டவர் பெயர் வீடியோலேப்ஸ் என்றிருக்கிறதா என்று பாருங்கள். 'இது தடை செய்யப்பட்டதாயிற்றே' என்று சிலர் கேட்கக்கூடும். 2022ஆம் ஆண்டு வீடியோலேன் இணையதளம் இந்தியாவில் பல மாதங்கள் தடுக்கப்பட்டிருந்தது உண்மையே. அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீங்கிவிட்டது.

திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டால் பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். இரவில் பாடம் கேட்டபடியே உறங்கிவிடும் தோழியருக்கென உறக்க நேரங்காட்டி ஒன்றும் உள்ளது. அரைமணி என்று குறித்துவிட்டால் அது தானே நின்றுவிடும்; காலையில் கைப்பேசி சார்ஜ் இழந்து கிடக்கிறதென்று அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை.