பிழை பொறித்த காசுகள்

சில திங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி செல்லும் வண்டியில் ஏறிய நம் மாணவர் ஒருவர் பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினார். நடத்துநர் அதனை இருபுறமும் திருப்பிப் பார்த்து, "தம்பி, இதில் பதினைந்து கோடு இருக்கிறது, இது செல்லாது, வேறு கொடு" என்று திருப்பித் தந்துவிட்டார். மாணவரிடத்தில் வேறு சில்லறை இல்லை. அருகிலிருந்த மூதாட்டியார் ஒருவர் கட்டணம் கொடுத்து உதவினார். மறுநாள் அக்காசு எம்மிடம் வந்தது. "ஐயா, இது கள்ளக்காசா, அன்றி அச்சடித்ததில் நேர்ந்த பிழையா?" என்பது அவர் வினா. இரண்டும் அன்று என்பதே விடை. ஏன் அன்று என விளக்கப் புகின், காசு பிறக்கும் விதத்தைச் சிறிது கூறவேண்டியதாகிறது.

நம் நாட்டில் இப்போது காசு அடிக்கும் சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்பன. (சென்னையிலும் முன்னொரு காலத்தில் ஒன்று இருந்தது, தங்கசாலைத் தெரு என்னும் பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகிறது.) உலோகத் தகட்டினின்றும் வட்டமான வில்லைகளை முதலில் வெட்டி எடுப்பர். பின்னர் அவற்றின் விளிம்பைச் சற்றே உயர்த்திக் காய்ச்சி மென்மையாக்குவர். அதன்பின் வில்லை, மேல் அச்சிற்கும் கீழ் அச்சிற்கும் நடுவே, பரவாது தடுக்கும் ஒரு வளையத்தினுள் நின்று, ஒரே அழுத்தத்தில் காசாகிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர்கள், 'டை' என்றும் 'பிரஸ்' என்றும் சொன்ன மாத்திரத்தில் இதனை எம்மினும் நன்கு உணர்வர். இயந்திரம் நிமிடத்திற்குப் பல நூறு காசுகளை அடித்துத் தள்ளுவதால், இடையில் ஒன்று பழுதுபட்டு வெளியேறுதல் வியப்பன்று.

தகட்டில் முன்னமே வெட்டிய துளையின்மீது வெட்டுக்கருவி மறுபடியும் விழுமாயின், வில்லையின் ஓரம் பிறை வடிவாகக் குறைபடும். இதனைக் கண்டவுடன் பலரும் அரத்தால் அராவியது என்பர். அவ்வாறும் இருக்கலாம், ஆனால் அறிய வழி உண்டு. குறைபட்ட வில்லைக்கு விளிம்பு உயர்த்துங்கால், குறைக்கு நேரெதிர்ப் பக்கத்தில் அழுத்தம் போதாமையால் அங்கு விளிம்பு மங்கி நிற்கும். அரத்தால் அராவியவன் எதிர்ப்பக்கத்து விளிம்பை மங்கச் செய்யமாட்டான். அவனுக்கு அது தோன்றவும் தோன்றாது.

வில்லை நடுவில் நில்லாது விலகியிருப்பின் உருவம் ஒருபுறம் ஒதுங்கி, மறுபுறம் வெறுமையாகும். அச்சில் வெடிப்பு விழுந்தால் அவ்வெடிப்பினுள் உலோகம் புகுந்து, காசின்மேல் மயிரிழைபோல் மேடான கோடு தோன்றும். கீறலாயின் அது பள்ளமாக இருக்கும். நகத்தால் தடவினால் வேறுபாடு தெரியும். எழுத்தின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அவ்வெழுத்து மங்கும் அல்லது மறையும். காசின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இருவிரலாற் பற்றிப் பக்கவாட்டில் சுழற்றினால் மறுமுகமும் நிமிர்ந்தே தோன்றவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ தோன்றினால் அச்சு திரும்பிவிட்டது என்க.

எல்லாவற்றினும் விந்தையானது, அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்போது நேர்வது. அடுத்து வரும் வில்லை அச்சினை அன்றி ஒட்டிய காசினையே முகத்தில் வாங்குகிறது. ஆதலின் அதன் ஒருபுறம் செவ்வையாகவும், மறுபுறம் அதே உருவம் கண்ணாடியிற் கண்டாற்போல் இடவலம் மாறிப் பள்ளமாகவும் இருக்கும். இரு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கி இதனைப்போல் செய்வோரும் உளர். அவர் செய்ததில் பழைய உருவம் நசுங்கிய நிலையில் அடியில் கிடப்பதைக் காணலாம்.

இனிப் பிழையல்லாதவற்றைக் கூறுவோம். நம்மவர் பெரிதும் ஏமாறுவது இவ்விடத்தேதான். ஆண்டெண்ணின் கீழ் மும்பைக் காசில் சாய்சதுரமும், ஐதராபாத்துக் காசில் விண்மீனும், நொய்டாக் காசில் புள்ளியும் காணப்படும். கொல்கத்தாக் காசிற்கு அடையாளமே இல்லை. அதனைக் 'குறி விடுபட்ட அரிய காசு' என்று கருதிப் பெட்டியில் பூட்டி வைத்தவரை யாம் அறிவோம். 2011-ல் வந்த இரண்டு ரூபாய்க் காசு 25 மில்லிமீட்டர் அகலமும் 4.85 கிராம் எடையும் உடையது. 1992 முதல் வழங்கிய எஃகு ஒரு ரூபாயின் அளவும் எடையும் அவையே. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்து, 'வில்லை மாறி அடித்துவிட்டனர்' என்று களிப்பது வீண். அதே 2011 வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராமே உள்ளது. இரண்டு ரூபாய் உருவம் இவ்வெடையுள்ள சிறு வில்லையில் காணப்படுமாயின் அப்போது ஐயுறலாம். நகைக்கடைத் தராசு ஒன்றே இதற்குப் போதும்.

மாணவர் கொணர்ந்த காசிற்கு வருவோம். ரூபாய்க்குறி 2010-ல் ஏற்கப்பட்டு 2011 முதல் காசுகளில் இடம்பெற்றது. அதற்கு முந்திய பத்து ரூபாய்க் காசு ஒன்றில் கதிர்க்கோடுகள் பதினைந்து. குறி ஏறிய பின்னர் பத்து. இம்மாற்றத்தை அறியாத மக்களிடையே, பதினைந்து கோடுடையது பொய் என்னும் வதந்தி பரவிற்று. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17-ல், பத்து ரூபாய்க் காசுகள் அதுவரை 14 வடிவங்களில் வெளிவந்துள்ளன என்றும், அவை யாவும் செல்லும் என்றும் அறிவித்தது. வங்கியின் சொல்லினும் வதந்தி விரைவாக நடக்கிறது போலும்!

இது புதுமையன்று. 1911-ல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ரூபாயில், மன்னரின் மேலாடையிலிருந்த சிறு யானை உருவம் பன்றியைப்போல் தோன்றிற்று. மக்கள் மனம் புண்பட்டு அதனை ஏற்க மறுத்தமையால், யானை தெளிவுறத் தோன்றுமாறு அச்சினை மாற்றி 1912-ல் புது ரூபாய் அடித்தனர். அங்கும் இயந்திரம் பிழை செய்யவில்லை. அச்சில் இருந்ததையே அது பொறித்தது.

பிழைக்காசுக்கு இலட்சம் கிடைக்கும் என்று ஆசை காட்டி, முன்பணமாகவும் வரியாகவும் பறிப்போர் இந்நாளில் மிகுந்துள்ளனர். தன் பெயரைச் சொல்லியே இவ்வாறு ஏய்ப்பதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. மெய்யான பிழைக்காசுகளுக்குச் சேகரிப்போர் முகமதிப்பினும் கூடுதலாகத் தருவது உண்டு. ஆனால் முன்பணம் கேட்பவன் சேகரிப்பவன் அல்லன்.

யாம் ஒரு வாரம் தேநீர்க் கடைக்காரர் ஒருவரிடம் சில்லறையை இரவல் வாங்கிப் பார்த்ததில், ஆண்டெண்ணிலிருந்து விளிம்புவரை மேடான கோடு ஓடிய இரண்டு ரூபாய் ஒன்றே அகப்பட்டது. அதனை எடுத்துக்கொண்டு வேறு இரண்டு ரூபாய் வைத்தோம். இத்தகையது கிடைக்கும் மாணவர், புளியிட்டுத் துலக்காமல், காகிதத்தில் மடித்து அவ்வாறே எம்மிடம் கொண்டுவருக. பதினைந்து கோட்டுக் காசினை மாணவர் அன்று மாலையே அத்தேநீர்க் கடையில் கொடுத்தார். கடைக்காரர் பார்க்காமலே வாங்கிக் கல்லாவிற் போட்டுக்கொண்டார்.