குழாய்க்குள் வளர்ந்த பாறை

மெக்கானிக் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அடித்தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே குதிரை லாடம்போல வளைந்த அலுமினியக் குழாய். அதன் இரு முனைகளிலும் ரப்பர் குழாய்கள் செருகியிருந்தன. ஒன்றை உருவி, குழாயின் வாயை டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டினார். பேனா நுழையக்கூடிய துளையில் இப்போது தீக்குச்சிதான் நுழையும். சுற்றிலும் சாம்பல் கலந்த வெள்ளையில், முட்டை ஓட்டை அடுக்கி வைத்ததுபோல ஒரு படிவு.

“காயில் நல்லாத்தான் சார் இருக்கு. உப்பு அடைச்சிருக்கு. போர் தண்ணியா ஊத்துறீங்க?”

“ஆமாங்க. ரொம்ப நாளா அதான்.”

“அதான் பார்த்தேன்” என்றார்.

ஏழு வருடங்களுக்கு முன் வாங்கிய டிரிப் காபி மேக்கர் அது. ஆறு கப் அளவு. வாங்கிய மாதத்தில் யாராவது “எப்படி இருக்கு?” என்று கேட்டபோதெல்லாம் “அருமை” என்று சொன்னேன். அந்தப் பதில் யாருக்கும் பயன்பட்டிருக்காது என்று இன்று தோன்றுகிறது. புதிதாக இருக்கும்போது எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் காபி இறக்கும். கடையில் நம் கண்ணில் படுவது டைமர், ஒளிரும் எண்கள், கண்ணாடிக் குடுவையின் பளபளப்பு. ஏழாவது வருடத்தில் காபியின் தரத்தை நிர்ணயிப்பவை கண்ணில் படாத மூன்று பொருள்கள்: இந்தக் குழாய், ஒரு சின்ன வால்வு, தீக்குச்சி நீளம்கூட இல்லாத ஒரு ஃபியூஸ்.

இந்த இயந்திரத்துக்குள் மோட்டார் கிடையாது, பம்பும் கிடையாது. பின்பக்கத் தொட்டியில் ஊற்றும் தண்ணீர் தன் எடையாலேயே கீழே இறங்கி, ஒருவழி வால்வைக் கடந்து அலுமினியக் குழாய்க்குள் போகிறது. குழாயோடு ஒட்டியபடி ஹீட்டர் ஓடுகிறது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் நீராவிக் குமிழி உருவாகி விரிகிறது. பின்னால் போகலாம் என்றால் வால்வு விடாது; மேலே போகத்தான் வழி. போகும்போது தனக்கு முன்னால் நிற்கும் வெந்நீரையும் தள்ளிக்கொண்டு ஏறி, பொடியின் மேல் கொட்டுகிறது. காலையில் சமையலறையிலிருந்து கேட்கும் “குளுக் குளுக்” சத்தத்தில் ஒவ்வொரு குளுக்கும் ஒரு குமிழி. அதே ஹீட்டர்தான் குடுவையின் அடித்தட்டையும் சூடாக்குகிறது. ஒரே கம்பிச் சுருளுக்கு மூன்று வேலை: கொதிக்க வைப்பது, மேலே ஏற்றுவது, சூடு ஆறாமல் காப்பது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பைச் சமையலறையில் நான் பார்த்ததில்லை.

தாளில் வடிக்கும் டிரிப் காபிக்கு அடித்தளம் போட்டவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ். 1908இல், மகனின் நோட்டிலிருந்து எடுத்த மைஒற்றும் தாளை, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் விரித்து அவர் காபி வடித்தார். மின்சாரத்தில் ஓடும் டிரிப் இயந்திரம் 1954இல் வந்தது. காட்லோப் விட்மன் தன் பெயரின் எழுத்துகளையே சேர்த்து அதற்கு விகோமாட் என்று பெயர் வைத்தார். அமெரிக்க வீடுகளிலோ அப்போது பெர்க்கொலேட்டர்தான். இறங்கிய டிகாஷனையே திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்துப் பொடியில் ஊற்றும் கருவி அது. 1972இல் கிளீவ்லாந்தைச் சேர்ந்த வின்சென்ட் மரோட்டாவும் சாமுவேல் கிளேசரும் ‘மிஸ்டர் காபி’யைக் கொண்டுவந்த பிறகுதான், தண்ணீர் ஒரே ஒருமுறை பொடி வழியே போனால் போதும் என்பது அங்கே வீட்டுப் பழக்கமானது.

அந்த ஒருமுறையில் எவ்வளவு இறங்க வேண்டும்? அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950களில் இதை அளந்து பார்த்தார். பொடியின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் கரைந்து வந்தால் சுவை சரியாக இருக்கிறது. குறைந்தால் புளிப்பும் சப்பென்ற சுவையும்; கூடினால் கசப்பு. அதற்கு, பொடியைத் தொடும் நீர் ஏறத்தாழ 92 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். முழுவதும் இறங்கி முடிய நான்கிலிருந்து எட்டு நிமிடம் ஆகலாம். (கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே புத்தம் புது இயந்திரம்கூட அந்த அளவின் விளிம்பில்தான் வேலை செய்கிறது.)

இந்த நிமிடக் கணக்குதான் பழைய இயந்திரத்துக்கு நாடி பார்ப்பது. 600 மில்லிலிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 96க்குக் கொண்டுபோக சுமார் 1,70,000 ஜூல் வெப்பம் வேண்டும். என் இயந்திரம் 800 வாட்; ஒரு விநாடிக்கு 800 ஜூல். வகுத்துப் பார்த்தால் மூன்றரை நிமிடம். அடித்தட்டுக்குப் போவது, நீராவியாய் வெளியேறுவது எல்லாம் போக ஆறு நிமிடம் ஆனால் நியாயம். வாங்கிய வாரத்தில் நான் குறித்து வைத்திருந்ததும் ஆறு நிமிடம்தான். மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்கு முந்தைய மாதம் அளந்தபோது பதினொன்று.

இந்த ஐந்து நிமிடத்தைத் தின்றது அந்த வெள்ளைப் படிவு. நாம் பேச்சுவழக்கில் உப்பு என்றாலும் அது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல், சாக், முட்டை ஓடு எல்லாம் இதே பொருள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் பாறையிலுள்ள சுண்ணாம்பைப் பைகார்பனேட்டாகக் கரைத்து எடுத்துக்கொண்டு போர் குழாய்க்கு வருகிறது. அதைச் சூடாக்கினால் வாயு பிரிந்துபோகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு. ஆகவே தொட்டி பளிச்சென்று இருக்கும், மிகச் சூடான இடமான ஹீட்டர் குழாயில் மட்டும் பாறை வளரும்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நடுவே 400 என்று வைத்துக்கொள்வோம். தினம் 600 மில்லி ஊற்றினால், ஒரு வருடத்தில் அந்தக் குழாய் வழியே 88 கிராம் அளவுக்குக் கடினப் பொருள் கடந்துபோகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டாலும் வருடத்துக்கு ஒன்பது கிராம் கல். அது கடத்தும் வெப்பம், அலுமினியம் கடத்துவதில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான். ஹீட்டர் தகிக்கிறது, தண்ணீருக்குச் சூடு போய்ச் சேரவில்லை. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் “சூடு மிஞ்சிவிட்டது” என்று மின்சாரத்தைத் துண்டிக்கிறது, ஆறியபின் மறுபடி இணைக்கிறது. தண்ணீர் சீராக ஓடாமல் விட்டுவிட்டுத் துப்புகிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் பொடி ஆறுகிறது.

இதை என் கடிகாரத்துக்கு முன்பே கண்டுபிடித்தவர் அம்மா. “மிஷின் காபியில இப்பல்லாம் வாசனையே எழும்பலடா, கசப்புதான் நிக்குது” என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொடியை மாற்றினேன், பாலை மாற்றினேன். சூடு குறைந்ததால் வாசனை வரவில்லை. பொடி நீரோடு கூடுதல் நேரம் ஊறியதால் கடைசியில் இறங்கும் கசப்பு முழுக்க இறங்கிவிட்டது. அம்மாவின் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றிவிட்டால்? இயந்திரம் பிழைக்கும், காபி கொஞ்சம் இளைக்கும். தண்ணீரில் இருக்கும் மெக்னீசியமும் கால்சியமும் பொடியிலிருந்து சுவைப் பொருள்களை இழுத்துக்கொண்டு வர உதவுகின்றன. பைகார்பனேட்டோ காபியின் இதமான புளிப்பை மழுக்குகிறது. நான் இப்போது பாதி ஆர்.ஓ. தண்ணீர், பாதி மெட்ரோ தண்ணீர் கலக்கிறேன். எங்கள் வீட்டு நாக்குக்கு அது சரியாக இருக்கிறது.

ஃபியூஸுக்கு வருகிறேன். ஒருநாள் காலை இயந்திரம் அடியோடு நின்றுபோனதால்தான் கடைக்குப் போனேன். மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்தார். “தெர்மல் ஃபியூஸ் போயிருக்கு சார். ஸ்டாக் இல்ல. டைரக்ட் குடுத்துடவா? இப்பவே ஓடும்.”

“வேண்டாங்க. எவ்வளவு நாளானாலும் ஃபியூஸ் போட்டே குடுங்க.”

இதை வாசிப்பவர்களும் இதே பதிலைச் சொல்ல வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். தெர்மோஸ்டாட் சூட்டை நிதானப்படுத்தும்; அது பழுதாகி இணைந்தபடியே நின்றுவிட்டால், குறிப்பிட்ட வெப்பத்தில் உருகி மின்சாரத்தை நிரந்தரமாக வெட்டுவது இந்த ஃபியூஸ் ஒன்றுதான். கம்பியை நேராக இணைத்தால் இயந்திரம் ஓடும். ஆனால் தொட்டி வற்றிய பிறகும் ஹீட்டர் தகித்துக்கொண்டே இருந்தால் தடுக்க உள்ளே எதுவும் இருக்காது. சுற்றியிருப்பது பிளாஸ்டிக் உடல். வீட்டில் எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரத்தில் ஓடுகிற கருவி இது. நான்கு நாள் காத்திருந்து அதே வெப்ப அளவுள்ள ஃபியூஸ் போட்டு வாங்கினேன்.

வால்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காபி இறங்கும்போது தொட்டியைத் திறந்து பாருங்கள். அடியிலிருந்து குமிழி வந்தால் வால்வில் துணுக்கு சிக்கியிருக்கிறது, வெந்நீர் பின்னோக்கி வருகிறது என்று அர்த்தம்.

சூட்டுத் தட்டைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இறங்கிய காபியை அதன்மேல் அரைமணி வைத்தாலே வாசனை பறந்துவிடும், உள்ளே குயினிக் அமிலம் கூடி நாக்கைப் பிடிக்கும் புளிப்பு வரும். ஏழு வருட அனுபவத்தில் ஒரு தீர்ப்பு உறுதியாகச் சொல்வேன்: தட்டு இல்லாமல், பிளாஸ்க் குடுவையோடு வரும் இயந்திரத்தை வாங்குங்கள். பொடியைப் போடும் நைலான் சல்லடையும் நெடுநாள் உழைக்கும் பொருளன்று. காபியின் எண்ணெய் இழைகளில் ஏறிச் சிக்குப் பிடித்து, புதுக் காபிக்கும் பழைய வாடை கொடுக்கும். சிக்கரி கலந்த நைசான பொடியைப் போட்டால் அடைத்துக்கொண்டு கூடை வழிந்து மேடையெல்லாம் கறுப்பாகும். சற்றுக் கொரகொரப்பாக அரைத்த தனிக் காபிப்பொடிக்காகச் செய்த கருவி அது. கள்ளிச் சொட்டாய் டிகாஷன் வேண்டுமென்றால் பித்தளை ஃபில்டருக்குத்தான் போக வேண்டும். பாட்டி காலத்து ஃபில்டர் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது. துளை அடைத்தால் அம்மா மேல் பாத்திரத்தின் அடியை அடுப்பு நெருப்பில் காட்டுவார்; ஊதினால் கரி உதிர்ந்து வெளிச்சம் தெரியும். பழுதாக அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பால் விடாத காபி குடிக்கும் காலைகளுக்கு நான் இயந்திரத்தைத்தான் நம்புகிறேன்.

ஃபியூஸ் மாற்றி வீட்டுக்கு வந்ததும், மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலம் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பாதி ஓடியதும் அணைத்து அரைமணி விட்டேன். அதற்குமேல் விடக் கூடாது, அமிலம் அலுமினியத்தையும் அரிக்கும். மீதியை ஓட்டி, பிறகு மூன்று தொட்டி வெறும் தண்ணீர். ஒரு வாரம் கழித்து மறுபடி அதே வைத்தியம். காபி இறங்கும் நேரம் ஆறு நிமிடம் நாற்பது விநாடிக்கு வந்து நின்றது.

குடுவையின் அடியில் நகத்துண்டு அளவில் சில வெள்ளைச் செதில்கள் தங்கியிருந்தன. அம்மா ஒன்றை எடுத்து விரலால் நெருடி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். “இதுவா உப்பு? கரிக்கவே இல்லையே.” தட்டில் வைத்து, நறுக்கிய எலுமிச்சையிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். சர்ரென்று நுரைத்தது. மண்ணுக்கடியில் மழைநீர் வாங்கிக்கொண்டு வந்த வாயுவின் மிச்சம், சமையல் மேடையில் குமிழியாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

“இன்னொரு சொட்டு விடு” என்றார் அம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.