இருபது நாள் கணக்கு

என் காரின் முன்பக்க அறையில், இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கும் காம்பு ஒடிந்த கறுப்புக் கண்ணாடி ஒன்றுக்கும் அடியில், ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் பன்னிரண்டு வருஷமாகக் கிடக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நான்கு பத்தியாக அதில் எழுதி வைப்பது, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிய செலவைக்கூடக் குறித்து வைத்த தகப்பனாருக்குப் பிள்ளையாகப் பிறந்ததனால் வந்த வழக்கமேயன்றி, அதனால் எனக்கு ஒரு பைசா மிச்சப்பட்டதாக நினைவில்லை. ஆனால் 2025 ஆவணியில், வண்டி பழசாகிவிட்டதே, மாற்றுவதானால் மின்சாரக் காராக மாற்றினால் என்ன என்ற யோசனை வீட்டில் எழுந்து, அது எழுந்த மாத்திரத்தில் நாலா திசையிலிருந்தும் ஆக்ஷேபணைகள் கிளம்பிய சமயத்தில், அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணக்குப் பார்த்தேன்.

வண்டி ஓடியது ஏறக்குறைய 96,000 கிலோமீட்டர். நாளொன்றுக்குச் சராசரி இருபத்திரண்டு. அடையாற்றிலிருந்து ஆபீசுக்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும், மாதம் ஓரிரு முறை தாம்பரத்தில் மகள் வீட்டுக்குமாக அது சுற்றிச் சுற்றி வந்ததைத்தான் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தேதிகளை மட்டும் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே வந்தபோது, கடைசியில் அவை இருபதுதான் தேறின. அந்த இருபதும் ஒரே காரியத்தின் பொருட்டு நேர்ந்தவை: பங்குனி உத்திரத்துக்கு, அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் உள்ள எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். கொரோனாவின் காரணமாக 2020-லும் 2021-லும் போகவில்லை. பாக்கி பத்து வருஷம் தவறாமல் போயிருக்கிறோம். நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் நாட்களில் இருபது நாள்!

இந்தக் கண்டுபிடிப்பைச் சற்றுக் கர்வத்துடனேயே என் மைத்துனனிடம் காட்டினேன். அவன் நோட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. "அத்தான், அந்த இருபது நாளைக்குத்தானே காரே வாங்கினோம்?" என்றான்.

வேடிக்கைப் பேச்சென்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியற்காலையில் திருநெல்வேலியில் இறங்கிவிடலாம். அங்கே வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொள்வதும் பெரிய காரியமல்ல. அப்படியிருந்தும் அறுநூற்றைம்பது கிலோமீட்டரை இடுப்பு நோக ஓட்டிக்கொண்டு போகிறோமென்றால், பொங்கல் பானையும், தேங்காய் மூட்டையும், வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டிய சித்தியும் மட்டும் அதற்குக் காரணமல்ல. ஊர்க்காரர் பார்க்கும்படியாகச் சொந்த வண்டியில், நினைத்த வேளையில், நினைத்த இடத்தில் நிறுத்தி, யாருடைய தயவையும் நாடாமல் குலதெய்வத்தின் வாசலில் போய் இறங்குவதற்காகவே நம் நடுத்தரக் குடும்பங்கள் காருக்குக் கடன் வாங்குகின்றன. மீதி நாட்களில் அந்தக் கார் காய்கறி சுமப்பது, யானையைக் கட்டி வைத்திருக்கும் வீட்டில் அதை வைத்து விறகு இழுப்பதைப் போன்றதுதான்.

இந்த மனப்போக்கு நம்முடைய பிரத்தியேகமான பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதை அமெரிக்காவின் பழைய கதை காட்டுகிறது. மின்சாரக் காரை நேற்று முளைத்த புதுமையாக எண்ணுவோருக்கு அந்தக் கதை சற்று ஆச்சரியமாகவே இருக்கும். 1900-ஆம் வருஷம் அந்நாட்டில் தயாரான மோட்டார் வாகனங்கள் மொத்தம் 4,192. அவற்றில் நீராவியால் ஓடியவை 1,681, மின்சாரத்தால் ஓடியவை 1,575, பெட்ரோல் வண்டிகளோ வெறும் 936. அதற்கு முந்திய வருஷத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி என்பவர் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகத் தாண்டியதும் மின்சார வண்டியில்தான்.

நியூயார்க் பிராட்வேயில் பனிச்சறுக்கு விளையாடும் கூடமாக இருந்த கட்டடம் ஒன்றை அக்காலத்தில் மின்சார வாடகை வண்டிகளுக்கான கொட்டகையாக மாற்றியிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்த வண்டி உள்ளே வந்து நின்றதும், அரை டன்னுக்கு மேல் கனக்கும் பேட்டரித் தட்டை அப்படியே இழுத்து வெளியே எடுத்து, தலைக்குமேல் ஓடும் பளுதூக்கியால் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிறைந்த தட்டு ஒன்றை அதன் இடத்தில் செருகிச் சில நிமிஷங்களில் வண்டியை அனுப்பிவிடுவார்களாம். பேட்டரியை மாற்றிக் கொடுக்கும் கடைகள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்று நாம் பேசுவதைக் கேட்டால் அந்தக் கொட்டகையில் வேலை செய்தவர்கள் என்ன நினைப்பார்களோ!

சப்தமில்லை, புகையில்லை, நாற்றமில்லை, கியர் மாற்றும் தொல்லையில்லை. இத்தனை சௌகரியங்களும் ஒருபுறம் இருக்க, பெட்ரோல் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. அது திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் அநேகர். அந்தச் சிரமத்தை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங். அவர் அமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் வந்தது. அதாவது, ஒரு சிறிய மின்சார மோட்டாரும் ஒரு பேட்டரியும் பெட்ரோல் எஞ்சினுக்கு ஊழியம் செய்யப் போய்ச் சேர்ந்தன. மின்சாரக் காரின் அந்திம காலம் அங்கே ஆரம்பமாயிற்று. கோடரிக்காம்பு என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். அதே 1912-இல் மின்சாரக் காரொன்று 1,750 டாலருக்கு விற்க, பெட்ரோல் கார் 650 டாலருக்குக் கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனினும் விலையும் கைப்பிடியும் மட்டுமே அதைத் தோற்கடித்தன என்று நான் நம்பவில்லை. பெட்ரோலைத் தகரத்தில் அடைத்து எந்தக் குக்கிராமத்து மளிகைக் கடைக்கும் கொண்டுபோய்விடலாம். மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். 1930-களின் நடுப்பகுதியில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற கார் ஒரு தடவை சார்ஜ் செய்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தாராளமாக ஓடியது. பட்டணவாசி ஒருவன் நாள் முழுவதும் அலைந்தாலும் அதில் பாதியைத் தாண்டமாட்டான். ஆனால் அவன் கார் வாங்கியது, ஞாயிற்றுக்கிழமை ஊரைவிட்டு வெகுதூரம் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டு, டயரைக் கழற்றி மாட்டி, திங்கட்கிழமை ஆபீசில் அதைப் பிரஸ்தாபிப்பதற்காக. வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போனான் என்று யாரும் அவனுக்கு நோட்டுப் போட்டுக் காட்டவில்லை; காட்டியிருந்தாலும் என் மைத்துனனைப் போலவேதான் பதில் சொல்லியிருப்பான்.

இவ்வளவுக்கும் மேலே, மின்சாரக் காருக்குப் பெண்களின் வண்டி என்று பெயர் சூட்டிவிட்டார்கள். உள்ளே மெத்தை நாற்காலிகளும் ஜன்னலோரத்தில் பூச்சாடியும் வைத்து அதைச் சிங்காரித்து விளம்பரம் செய்த கம்பெனிகளே அந்தப் பெயருக்கும் பொறுப்பு. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, கணவருடைய பெட்ரோல் கார்கள் உலகெங்கும் பெருகிக்கொண்டிருந்த நாட்களில், தமக்கென்று வைத்து ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான். அந்த ஃபோர்டே, நண்பர் எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரியை வைத்து மலிவான மின்சாரக் கார் ஒன்று செய்யப்போவதாக 1914-இல் சொன்னார். அது சந்தைக்கு வரவேயில்லை.

பிற்பாடு நடந்ததை விஸ்தரிக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியா 1990-இல் புகையற்ற கார்களை விற்றாக வேண்டுமென்று சட்டம் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் ஈவி-1 என்ற அழகிய காரை வாடகைக்கு மட்டும் கொடுத்து, சட்டம் தளர்ந்தபின் அவற்றைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கிப் பழைய இரும்பாக்கிவிட்டது. நம்மிடத்தில் 1993-இல் சாலக்குடியையும் கோயம்புத்தூரையும் சார்ந்து லவ்பேர்ட் என்ற இரண்டு பேர் அமரும் மின்சாரக் கார் வெளிவந்ததையும், 2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்ததையும் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஜயித்தவர்கள் நார்வேக்காரர்கள். அவர்களுடைய வெற்றியின் ஆரம்பம் ஒரு சிறு அடாவடித்தனம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1989-இல் பிரெடரிக் ஹௌகே என்ற சுற்றுச்சூழல் போராட்டக்காரரும், ஆ-ஹா என்ற பிரபல இசைக் குழுவைச் சேர்ந்த இருவரும், மின்சாரத்துக்கு மாற்றியமைத்த ஃபியட் பாண்டா ஒன்றை இறக்குமதி செய்து, சுங்கச்சாவடிகளில் பணம் கொடுக்க மறுத்து ஓட்டித் திரிந்தார்கள். சர்க்கார் அபராதம் போட்டது, கட்டவில்லை, காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டது, ஏலத்தில் அவர்களே அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டினார்கள். 1997-இல் மின்சாரக் கார்களுக்குச் சுங்கம் இல்லையென்றே ஆயிற்று. அடுத்து நிறுத்துமிடக் கட்டணம் போயிற்று. 2001-இல் விற்பனை வரியும் நீங்கியது. பஸ்களுக்கென்று ஒதுக்கிய பாதையிலும் அவற்றை விட்டார்கள். பெட்ரோல் கார்களுக்கோ கனத்த வரி. அப்படியும் ஆரம்ப நாட்களில் அநேக வீடுகளில் மின்சாரக் கார் இரண்டாவது காராகத்தான் நுழைந்தது. தூரப் பிரயாணத்துக்குப் பழைய வண்டி கொட்டகையில் நின்றது. நெடுஞ்சாலை நெடுகிலும் சார்ஜர்கள் வந்தபிறகே முதலாவது கார் வெளியேறியது. 2024-இல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு எண்பத்தொன்பது மின்சாரக் கார்கள். எண்ணெய் தோண்டி விற்றுப் பணக்காரர்களான ஜனங்கள் தங்கள் வீட்டில் அதை எரிக்க வேண்டாமென்று தீர்மானித்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும், அந்தப் பழைய வண்டி நின்ற கொட்டகையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு காருக்குத்தான் இடம்.

அந்த இடத்திலும் ஒரு பிளக் வைப்பது எத்தனை பெரிய ராஜ்யப் பிரச்னை என்பதை, நாலாவது மாடியில் இருக்கும் இளைஞர் ஒருவர் மின்சாரக் கார் வாங்கியபோது கண்டேன். தம்முடைய மீட்டரிலிருந்தே சொந்தச் செலவில், முப்பது மீட்டர் ஒயரைக் குழாயில் விட்டுக் கீழ்த்தளத்துக்கு இழுத்துக்கொள்வதாகத்தான் அவர் விண்ணப்பித்தார். அசோசியேஷன் மூன்று முறை கூடியது. தீப்பிடிக்கும் என்றார் ஒருவர். பொது மின்சாரத்தைத் திருடுவதற்கு வழியாகும் என்றார் இன்னொருவர். வேளச்சேரி மேம்பாலத்தில் மழைக்கு முன்பே கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவைக்கும் ஊரில், முழங்கால் நீரில் மின்சார வண்டியா என்று கேட்டார் மூன்றாமவர். கார் பேட்டரியை நீர் புகாதபடி மூடி முத்திரையிட்டே செய்கிறார்கள் என்றும், வெள்ளம் வந்தால் பெட்ரோல் காரும்தான் பாழாகிறது என்றும் இளைஞர் விளக்கிப் பார்த்தார். முதல் இரண்டு கூட்டங்களிலும் கூடாது என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஏன் தூக்கினேன் என்று இப்போது யோசித்தால், பக்கத்தில் இருந்தவர் தூக்கினார் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு என் மனைவி எழுப்பிய ஆட்சேபம் எல்லாவற்றிலும் கூர்மையானது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகிறது. தினம் இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்தில் நூற்றெண்பது கூடும்; மொத்தம் 560. ஐந்நூறைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடும் என்பது தமிழ்நாட்டில் கரண்ட் பில் கட்டும் எந்தக் குடும்பத் தலைவிக்கும் தெரியும். பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பெட்ரோல் உங்கள் நோட்டில் வருகிறது, கரண்ட் என் நோட்டில் வருகிறது என்று சொல்லி முடித்துவிட்டாள்.

ஆட்சேபங்களில் எனக்கு உண்மையாக உறுத்தும் ஒன்று உண்டு. அதை எங்கள் கூட்டத்தில் யாரும் கிளப்பவில்லை. அடையாற்றில் புகையில்லாமல் ஓடும் காருக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரித்து வருகிறது. பெட்ரோல் எஞ்சின் தன் உணவில் ஏறக்குறைய முக்கால் பங்கைச் சூடாக வீணடிக்கும் தீனிப்பண்டாரம் ஆகையால், கரி மின்சாரத்தில் ஓடினாலும் மொத்தத்தில் புகை சற்றுக் குறைவே என்பது மெய்தான். ஆனால் எஞ்சியிருக்கும் சாம்பல் எண்ணூர்க்காரர் வீட்டு முற்றத்தில் விழுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றும் காற்றாலைகளை அதற்குப் பதிலாகச் சொல்லலாம். எண்ணூரில் துணி உலர்த்துகிறவளிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எப்படியோ, மூன்றாவது கூட்டத்தில் இளைஞருக்கு அனுமதி கிடைத்தது. நானும் இம்முறை மறுபக்கம் கை தூக்கினேன். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரையில் எங்கெங்கே சார்ஜர் இருக்கிறது என்று அவர் தம் செல்போனில் காட்டினார். நாற்கரச் சாலையில் விக்கிரவாண்டி தொடங்கிப் பொட்டு வைத்தாற்போல் இருந்தன. ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் கிரெட்டா மின்சாரக் காரின் பெரிய பேட்டரி 51.4 யூனிட் பிடிக்குமாம். வழியில் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டு நேரம் நின்றால் போதும் என்றார். தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறந்தாயிற்று. எங்கள் கோயிலுக்கும் அதற்கும் நூறு கிலோமீட்டர் இராது. ஆகவே அம்பாசமுத்திரத்தைத் தாண்டிய கடைசிக் காதவழிதான் பாக்கி. கோயிலில் ராத்திரி முழுவதும் வண்டி நிற்கப் போகிறது. ஒரு பதினைந்து ஆம்பியர் பாயிண்ட் இருந்தால் விடிவதற்குள் வேண்டிய மட்டும் ஏறிவிடும்.

பூசாரியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாயிண்டு இருக்கு அண்ணாச்சி, மடப்பள்ளியில புதுசா வச்சிருக்கோம்லா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஆனா உத்திரத்தன்னைக்கு ராத்திரி பூரா அதுல கிரைண்டர் ஓடும். மத்த நாள்னா சும்மாதான் கெடக்கு, எப்ப வேணும்னாலும் வந்து போட்டுக்கிடுங்க."